கேட்டுத்தான் தொடுவார்

எங்கள் சிஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்வதானாலும் முதலில் கேட்பார். ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. கேட்டுவிட்டு, தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதில் வருகிறவரை அப்படியே நிற்பார். சரி என்றால் செய்வார். வேண்டாம் என்றால், “வேண்டாம்னா வேண்டாம்தான். நாளைக்கு வந்து கேக்கிறேன்” என்று போய்விடுவார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. இதில் என்ன தொல்லை என்றால், நாளைக்கு நிஜமாகவே வந்து நிற்பார்.

மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிற என்னைப் போன்றவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். அதிகாரம் பண்ணுகிறவனிடம் சட்டம் பேசலாம். சரி அண்ணாச்சி என்று சிரித்துவிட்டுப் போகிற பொம்பளையிடம் ஒரு மனுஷன் எப்படித்தான் சண்டை போடுவது?

கேரளத்தில், வித்துரா சந்தைக்கு எதிரே எனக்குப் பாத்திரக்கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. பாதி நாக்கு மலையாளமாகிவிட்டது. ஊருக்குப் போனால் என் அண்ணன், “என்னடே, மலையாளத்தான் மாதிரி இழுக்க” என்று கேலி பண்ணுவான். சிஸ்டர் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. இங்கே நர்ஸை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் வேலை. குழந்தைகளுக்கு ஊசி, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, மழைக்காலத்தில் வீடுவீடாகக் கொசுப்புழு தேடுவது, எல்லாம் அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்த தமிழ்க்காரர்.

முதன்முதலில் என் கடைக்கு வந்தது கொசுவுக்காகத்தான். நான் வாளி, அண்டா, குத்துப்போணி எல்லாவற்றையும் கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பேன். மழை பெய்தால் அத்தனையிலும் தண்ணீர். சிஸ்டர் வந்து, “உள்ளே எட்டிப் பாக்கலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ எரிச்சல். “பாக்க வேண்டாம். வாங்குறதா இருந்தா வாங்குங்க” என்றேன். “சரி, நாளைக்கு வரேன்” என்றார். வந்தார். அடுத்த நாளும் வந்தார். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. காலை பத்தரை மணிக்கு போனக்காடு பஸ் போகும், பின்னாடியே சிஸ்டர் வருவார், நான் வேண்டாம் என்பேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இதைப் பார்ப்பதற்காகவே அந்த நேரத்துக்கு டீயும் கையுமாக வெளியே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது நாள் எனக்கே வெட்கமாகி, “பாத்துத் தொலைங்க தாயே” என்று விட்டேன். எட்டிப் பார்த்தார். பெரிய அண்டாவுக்குள் புழு ஒரு கூட்டமே நெளிந்துகொண்டிருந்தது. அப்போதாவது ஒரு சத்தம் போடுவார் என்று பார்த்தால், நிமிர்ந்து, “கவுத்தட்டுமா?” என்று கேட்கிறார்! தெருவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய.

இது என்ன பழக்கம் என்று ஒருநாள் கேட்டேன். சிஸ்டர் வாங்கின தூக்குவாளியில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன், அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “லயத்துல எங்களை யாரும் எதுக்கும் கேட்டதில்ல அண்ணாச்சி. சங்கு ஊதினா எந்திரிக்கணும். பேர் கூப்பிட்டா நிக்கணும். ஊசி போட ஆள் வந்தா வரிசையில விட்டு, கையைப் பிடிச்சு இழுத்து, குத்திட்டுப் போயிருவாங்க. எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க. எங்கம்மா தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்கும். நான் பயந்தது ஊசிக்கு இல்ல, அந்தப் பிடிக்கு” என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, “கேட்டா என்ன குறைஞ்சிரும்? ரெண்டு நடை கூட நடக்கணும், அவ்வளவுதானே” என்றார்.

ரெண்டு நடையா? கொரோனா வந்த பிறகு அந்த அம்மாள் நடந்த நடைக்கு அளவே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவிலிருந்து வந்திறங்கினார். பதினாலு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. நாலாம் நாளே மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரப்பர் ஷீட் கடை மாடியில் நாங்கள் நாலு பேர் சாயங்காலம் சீட்டு விளையாடுவோம். கடையடைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம் அது. அங்கே வரப்போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை, நான் போவேன், என் இஷ்டம் என்று ஜன்னலில் நின்று கத்தினாராம். வேறு யாராக இருந்தாலும் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். சிஸ்டர், “சரி, போங்க. எனக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் தாங்க” என்று சொல்லிவிட்டு நேராக எங்கள் மாடிக்கு வந்தார். படியிலேயே நின்றுகொண்டு, “அவர் வரணும்னு ஆசைப்படுறார். அவரைக் கேட்டாச்சு. இப்ப உங்களைக் கேக்கிறேன். வரலாமா?” என்றார்.

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். “வரண்டா சிஸ்டரே, வரவேண்டாம்!” என்று முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நான்தான். சீட்டைக்கூடக் கீழே போட்டுவிட்டேன். சிஸ்டர் போய் அவரிடம் அதை அப்படியே சொன்னார். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீதிப் பத்து நாளும் ஜன்னல் வழியாக எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். பதினைந்தாம் நாள் மாடியேறி வந்து முதல் ஆட்டத்திலேயே என்னைத் தோற்கடித்து வஞ்சம் தீர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் தடுப்பூசி. அதில் வீம்பு பிடித்தவன் நான்.

என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுங்கள். கடையைப் பூட்டு என்றார்கள், பூட்டினேன். பலசரக்கு திறக்கலாம், மருந்துக்கடை திறக்கலாம், பாத்திரக்கடை மட்டும் கூடாதாம். பாத்திரம் அத்தியாவசியம் இல்லையாம்! அப்போ வாங்கின அரிசியை எதில் பொங்குவான், தொப்பியிலா? வாயை மூடு என்றார்கள், மூடினேன். ஊரில் சித்தப்பா செத்துப்போனார், எல்லையைத் தாண்ட பாஸ் கிடைத்த நேரத்தில் காரியமே முடிந்துவிட்டது. அதற்கும் பொறுத்தேன். எல்லாம் முடிந்து கடைசியில் கையை நீட்டு என்று வந்தபோது எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கடை உங்களுடையது, ரோடு உங்களுடையது, சரி. இந்தக் கை என்னுடையதுடா. இதையாவது விடுங்கள் என்று இருந்தது. இப்போதும் அந்தக் கோபத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

சிஸ்டரிடம் அதை அப்படியே சொன்னேன். “இது என் கை.”

“உங்க கைதான் அண்ணாச்சி. அதுல என்ன சந்தேகம்?”

“அப்புறம் எதுக்கு தினமும் வந்து கேக்கீங்க?”

“வாய் என்னோடதுல்லா” என்றார்.

அவர் பாட்டுக்கு வந்து கேட்பதும் நான் பாட்டுக்கு மறுப்பதுமாக மூன்று வாரம் போயிற்று. அதற்குள் வீட்டில் வேறு விவகாரம் முளைத்தது. என் ஒரே மகள். திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கேதான். எட்டாம் மாசம். எங்களில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதை மாற்றினால் சொந்தக்காரர்கள் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். பேச்சு கிடக்கட்டும், என் பிள்ளை என் வீட்டில் வந்து இருக்க வேண்டும் என்று எனக்கு உயிர் அடித்துக்கொண்டது. ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மூச்சுவிடத் திணறினால் பார்க்கிற நமக்கு நெஞ்சு அடைத்துவிடும். அப்போது கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுகிற உத்தரவும் வந்திருக்கவில்லை. அதனால் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். “அப்பா, வீட்ல ரெண்டு பேரும் ஊசி போட்டிருந்தா வரேன். இல்லைன்னா நான் ஃப்ளாட்லயே இருந்துக்கிடுதேன். அம்மா போட்டாச்சுன்னு தெரியும். நீங்க?”

என் வாயில் சனி உட்கார்ந்தது. “போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்லா, அங்க போட்டாச்சும்மா” என்றேன்.

ஊருக்குப் போனது நிஜம். அங்கே அண்ணன், “ஊசி போட்டியாடே?” என்று கேட்டதும் நிஜம். “அதெல்லாம் அங்க கேரளாவுலயே போட்டாச்சு” என்று சொல்லியிருந்தேன். இரண்டு ஊர்க்காரனாக இருப்பதில் இந்த ஒரு சௌகரியம் உண்டு, பாருங்கள். இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. ரேஷன் கார்டிலிருந்து கல்யாண மொய் வரைக்கும் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இப்படித் தப்பித்திருக்கிறோம். என் பெண்டாட்டிகூட அதை நம்பினாள். ஊரிலிருந்து வந்த அன்றைக்கு நான் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது, வலிக்குது என்று நடித்திருந்தேன். வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுத்தாள் பாவம்.

மகள் வந்தாள். வீடே மாறிப்போயிற்று. அடுக்களையில் தாளிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு சந்தோஷம் தாங்காது. கடை ஒன்றுவிட்ட ஒரு நாள் திறக்கலாம் என்று தளர்த்தியிருந்தார்கள். வியாபாரம் முடித்து, ஊரில் உள்ள அத்தனை பேரோடும் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். உட்காரும்போதெல்லாம் சொன்ன பொய் ஞாபகம் வரும். அதை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துச் சமாளிப்பேன். அவள் ஒரு தடவை இருமினால் போதும், எனக்கு வேர்த்துவிடும்.

மூன்றாம் நாள் காலை சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். கர்ப்பிணி வந்திருக்கிறாள் என்றால் அவர் பார்க்க வர வேண்டும், அது அவருடைய வேலை. “தொட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்தார், பிரஷர் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மகள் குஷியாகப் பேசிக்கொண்டே இருந்தாள். “எனக்கு இப்ப பேடியே இல்ல சிஸ்டர், பயமெல்லாம் போச்சு. அம்மாவும் ஊசி போட்டாச்சு, அப்பாவும் ஊர்ல போட்டுட்டாங்க” என்றாள்.

முந்தாநாள்தான் கடை வாசலில் நின்று சிஸ்டர் கேட்டிருந்தார், நான் மறுத்திருந்தேன்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பி, “அப்படியா அண்ணாச்சி?” என்றார். கேட்டுவிட்டு, தோள்பை வாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயோ, அந்த நிற்பு இருக்கிறதே! நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன், விசிறியைப் பார்த்தேன். “சிஸ்டருக்குக் காப்பி கொண்டா” என்று பெண்டாட்டியை விரட்டினேன். சிஸ்டர் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் நிற்கிற ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மறித்தேன். “சிஸ்டர், பிள்ளைகிட்ட சொல்லிருவீங்களோ?”

“சொல்ல மாட்டேன். உங்க உடம்பு விஷயம் அது. உங்களைக் கேக்காம நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது.”

எனக்கு மூச்சு வந்தது. “நீங்க பெரிய மனுஷி சிஸ்டர்” என்றேன்.

அவர் உடனே கிளம்பவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். “ஒண்ணு சொல்லலாமா அண்ணாச்சி?” என்றார்.

“சொல்லுங்க.”

“நான் கேட்டப்போ எல்லாம் வேண்டாம்னு சொன்னீங்க. அது உங்க உரிமை. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா, அவளும் உங்களை மாதிரிதானே? அவளுக்கும் வேண்டாம்னு சொல்ல உரிமை இருந்துச்சு. ஊசி போடாத ஆளோட இருக்க வேண்டாம்னு அவ சொல்லியிருக்கலாம். அதைச் சொல்றதுக்கே நீங்க விடலையே.”

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார், அங்கேயும் ஒரு கைக்குழந்தை இருந்தது.

நான் ரோட்டில் நின்றேன். மூன்று வாரமாக என் கை, என் கை என்று தெருவைக் கூட்டினவன் நான். சீட்டாட்ட மாடியில் வரண்டா என்று முதலில் கத்தினவனும் நான்தான். பெற்ற பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை இல்லாமல் செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல வந்தது. போய்ச் சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று தெரியும். இனி ஜென்மத்துக்கும் என் பேச்சை நம்ப மாட்டாள் என்றும் தோன்றியது. சொல்லாமல் இருந்தால் இன்னும் ஒரு மாசம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே நான் படுக்க வேண்டும்.

வீட்டு வாசற்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றேன். வாயை மூடின துணியை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டேன். “அம்மா, நான் ஊசி போடல. ஊர்லயும் போடல, இங்கயும் போடல. பொய் சொல்லிட்டேன். நீ வரணும்னு பொய் சொல்லிட்டேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்டாட்டி உள்ளேயிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். “அப்போ நான் ஒத்தடம் குடுத்தது எதுக்கு?” என்று அவள் கவலை அவளுக்கு.

மகள் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. “தெரியும்பா” என்றாள். “நேத்து பெரியப்பா போன் பண்ணினாங்க. ‘உங்கப்பன் அங்கயே ஊசி போட்டுட்டானாம்லா, அங்க கூட்டம் கம்மியா?’ன்னு கேட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. சிஸ்டர்கிட்ட அப்படிச் சொன்னதுகூட நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்.”

அவள் மெல்ல எழுந்து, கட்டிலுக்கடியிலிருந்து காலாலேயே ஒரு பெட்டியை வெளியே தள்ளினாள். கட்டித் தயாராக இருந்தது. நான் வாசலில் நின்றபடியே கையைக் கூப்பினேன். “போகாதம்மா. தப்புதான். நான் வேணும்னா உன் கால்ல…”

“நான் எங்க போறேன்? எங்க அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கேன், நான் ஏன் போணும்?” என்றாள். “இது உங்க பெட்டி. நாலு கைலி, ரெண்டு சட்டை, பிரஷர் மாத்திரை, ஷேவிங் செட் எல்லாம் வச்சிருக்கேன். கடை மாடியில போய் இருங்க. நீங்களா வந்து சொன்னா மூணு வேளை சோறு கடைக்கு வரும். நான் கேட்டுச் சொல்ற மாதிரி ஆனா சோறும் கிடையாதுன்னு நினைச்சிருந்தேன். பொழைச்சீங்க. போங்கப்பா, மதி, போதும், அழாதீங்க.”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பெண்டாட்டியும் சிரித்தாள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். என் வீட்டிலிருந்து என்னையே துரத்துகிறார்கள், எனக்கானால் அப்படி ஒரு சந்தோஷம், போங்கள்! போய்விடுவாள் என்று நினைத்த பிள்ளை அங்கேயேதான் இருக்கப் போகிறாள்.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். அண்டாவுக்கும் குடத்துக்கும் நடுவில் பாய் விரித்து இரண்டு மாசத்துக்கு மேல் இருந்தேன். சோறு மூன்று வேளையும் வந்தது. பேத்தி பிறந்த செய்தியை மாடியில் நின்றே கேட்டு, கையில் கிடைத்த தாம்பாளத்தைத் தட்டித் தட்டித் தெருவுக்கே சொன்னேன். மகள் வரலாம் என்று சொன்ன அன்றைக்குத்தான் வீட்டுக்குள் கால் வைத்தேன். அவளுக்கு இளைப்பு ஒன்றும் வரவில்லை. சிஸ்டருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாற்றல் வந்து வேறு ஊர் போய்விட்டார். இப்போது வருகிற நர்ஸும் நல்ல பிள்ளைதான், வேகமாக வேலை பார்க்கும்.

ஆனால் சிஸ்டர் என்றதும் எனக்கு நினைவு வருவது, நான் பெட்டியோடு கேட்டைத் தாண்டி வெளியே வந்த அந்த நிமிஷம்தான். அடுத்த வீட்டிலிருந்து அவரும் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கிட்டே வந்து, என் கையிலிருந்த பெட்டியை அவர் பாட்டுக்கு வாங்கி ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, ஊசி போடுகிற பள்ளிக்கூடத்துப் பக்கமாக வண்டியைத் திருப்பினார். வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. இரண்டு முழம் தள்ளி நான் கூடவே நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன சிஸ்டர், இன்னைக்கு ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கலையே?” என்றேன்.

“கேட்டா, நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு அண்ணாச்சி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “உங்களுக்குப் பயமா? இத்தனை நாள் சிரிச்ச முகமாத்தானே வந்து கேட்டீங்க? அப்பல்லாம் பயம் இல்லையோ?”

சிஸ்டர் ரோட்டையே பார்த்தபடி வண்டியை உருட்டினார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண் இரண்டும் நிறைந்திருந்தன.

“தினமும்தான்” என்றார்.